வரவேற்ற ஊர் வெறுத்தது ஏன்?

யாழ்ப்பாணம், பெல்ஃபாஸ்ட், தெற்கு லெபனான். மூன்று இடத்திலும் வெளியிலிருந்து வந்த ராணுவத்தை முதலில் வரவேற்றவர்கள் ஊர்மக்கள். மூன்று இடத்திலும் அதே மக்கள் அந்த ராணுவத்தைப் போகச் சொன்னார்கள். நடுவில் நடந்தது என்ன?

1987 ஜூன் 4. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் ஐந்து பெரிய விமானங்கள் தாழப் பறந்து வந்தன. விமான இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவதுதான் அந்த ஊரின் அன்றைய பழக்கம். வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெரும் தாக்குதல் நடத்தியிருந்த நேரம் அது. ஆனால் அன்றைக்கு வானத்திலிருந்து விழுந்தது குண்டு இல்லை. பாராசூட்டில் கட்டிய மூட்டைகள். உள்ளே அரிசி, பருப்பு, காய்கறி. சுமார் 25 டன்.

முந்தைய நாள் இந்தியா கடல் வழியே அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்திய விமானப்படையின் ஆன்டனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்தன. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ‘பூமாலை’. மூட்டைகளில் இருந்த அரிசி யாழ்ப்பாணத்துக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது. ஆனால் தங்களுக்காகக் கேட்க ஆள் இருக்கிறது என்ற தெம்பு ஊர் முழுக்கப் பரவியது.

ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் இந்தியப் படையின் முதல் அணி பலாலியில் வந்து இறங்கியது. வழியெங்கும் மக்கள் கூடி நின்று மாலை போட்டார்கள், கை குலுக்கினார்கள். இலங்கை ராணுவம் முகாமுக்குள் முடங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு ஷெல் சத்தம் இல்லாத இரவுகள் வந்தன.

அக்டோபர் 10-ஆம் தேதி அதே இந்தியப் படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போரைத் தொடங்கியது. வந்து இறங்கி 72 நாள்தான் ஆகியிருந்தது. அன்றே யாழ்ப்பாணத்து நாளிதழ்களான ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ இரண்டின் அச்சகங்களும் தகர்க்கப்பட்டன.

சட்டப்படி பார்த்தால் இது ஆக்கிரமிப்பு அல்ல. ஒரு நாட்டின் அரசே ஒப்பந்தம் போட்டு இன்னொரு நாட்டுப் படையை அழைத்தது. ஆனால் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவனின் மொழி புரியவில்லை, அவன் செய்த தவறை யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை என்றால், வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒப்பந்தத்தின் ஷரத்துகளால் என்ன பயன்? அந்நியப் படைகள் உள்ளூர் மக்களை இழப்பதற்கு மொழி, மதம், தேசப்பற்று என்று எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். அவை எல்லாமே உண்டு. ஆனால் யாழ்ப்பாணக் கதையை உற்றுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காரணம் தெரிகிறது. அந்த மக்களுக்கு முறையிட ஓர் இடம் இல்லை.

நல்லூரில் வைத்த கோரிக்கை

இந்தியாவிடம் முதலில் முறையிட்டது துப்பாக்கி அல்ல, ஓர் உண்ணாவிரதம். செப்டம்பர் 15-ஆம் தேதி, விடுதலைப் புலிகளின் யாழ்ப்பாண அரசியல் பொறுப்பாளர் திலீபன் நல்லூர் கந்தசாமி கோயில் வீதியில் மேடை போட்டு உட்கார்ந்தார். தண்ணீரும் குடிக்காத உண்ணாவிரதம். ஐந்து கோரிக்கைகள். அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், தமிழர் பகுதியில் சிங்களக் குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்பன அவற்றில் அடக்கம். கோரிக்கைகள் இந்தியாவை நோக்கியே வைக்கப்பட்டன. ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாளி அவர்கள்தானே!

பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அந்த மேடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செப்டம்பர் 26-ஆம் தேதி திலீபன் இறந்தார். அந்த உண்ணாவிரதத்துக்குப் பின்னால் புலிகளின் அரசியல் கணக்கு இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருந்திருக்கலாம். ஆனால் கூடி நின்ற மக்கள் எந்தக் கணக்கும் போட்டு வரவில்லை. காந்தியின் நாடு உண்ணாவிரதத்துக்குச் செவிசாய்க்கும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை பன்னிரண்டு நாளில் தீர்ந்தது.

அடுத்த வாரமே இரண்டாவது அடி. பருத்தித்துறைக் கடலில் இலங்கைக் கடற்படை புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 17 புலிகளைப் பிடித்துப் பலாலியில் வைத்தது. கொழும்புக்குக் கொண்டுபோகாமல் இந்தியா தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தடுக்கவில்லை. அக்டோபர் 5-ஆம் தேதி சயனைடு கடித்ததில் 12 பேர் இறந்தார்கள். அதையடுத்துப் புலிகள் கிழக்கில் அப்பாவிச் சிங்கள மக்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு போரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

தீபாவளி நாளில் ஆஸ்பத்திரி

தளபதிகளின் நினைவுக்குறிப்புகள் ‘ஆபரேஷன் பவன்’ என்ற அந்தப் போர் எவ்வளவு அவசரமாகத் தொடங்கியது என்பதை ஒளிக்கவில்லை. உளவுத் தகவல் போதவில்லை, வரைபடம் பழையது, எதிரி யார் என்பதிலேயே தெளிவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய காலாட்படையின் 30 பேரில் 29 பேர் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். இளம் ஜவான்களை அப்படி இழந்த படை, ஊருக்குள் நுழையும்போது எந்த மனநிலையில் நுழைந்திருக்கும்?

ஷெல்லடிக்குப் பயந்து மக்கள் வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தஞ்சம் புகுந்தார்கள். நல்லூர் கோயில் பல்லாயிரம் பேருக்கு அகதி முகாமானது. போக முடியாத நோயாளிகளும் அவர்களை விட்டுப் போகாத மருத்துவர்களும் தாதிகளும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருந்தார்கள்.

அக்டோபர் 21. தீபாவளி. அன்று மாலை இந்தியச் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குள் சுட்டபடியே நுழைந்தார்கள். ஊழியர்கள் கதிர்ப்படப் பிரிவிலும் மற்ற அறைகளிலும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருப்பது தெரியக்கூடாது என்று பிணங்களுக்கு நடுவே அசையாமல் இரவைக் கழித்தவர்கள் உண்டு. இருமியவர்கள் மீதும் முனகியவர்கள் மீதும் குண்டு பாய்ந்தது. மறுநாள் காலை, குழந்தைகள் மருத்துவர் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கியபடி, நாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு தாதிகளோடு வெளியே நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். இரண்டு நாளில் இறந்தவர்கள் 60 முதல் 70 பேர். 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள்.

உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், இருதரப்புச் சண்டையில் மாட்டி இறந்தார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. அன்று காலையில் ஆயுதத்தோடு சிலர் ஆஸ்பத்திரிக்குள் வந்ததும், வெளியே போகும்படி மருத்துவர்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் உயிர் தப்பிய ஊழியர்களின் சாட்சியம், சிப்பாய்கள் நுழைந்த பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ நூலில் அந்தச் சாட்சியம் விரிவாக இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 அன்று ஆஸ்பத்திரி ஊழியர்கள் கூடி, இறந்த சகாக்களுக்கு விளக்கேற்றுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் அன்று இந்த ஆஸ்பத்திரியோடு தொடர்பு இல்லாத குடும்பம் கிடையாது. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் எல்லாரும் போகும் இடம் அதுதான். அரசியலில் ஒதுங்கி நின்றவர்களும், புலிகளைப் பிடிக்காதவர்களும் அன்றோடு இந்தியாவை மனசிலிருந்து இறக்கி வைத்தார்கள்.

.......................................
பெட்டிச் செய்தி

இந்தியப் படை இலங்கையில்

1987 ஜூலை 29: இந்திய - இலங்கை ஒப்பந்தம்
1987 ஜூலை 30: பலாலியில் முதல் அணி
1987 செப்டம்பர் 26: திலீபன் மரணம்
1987 அக்டோபர் 10: போர் தொடக்கம்
1988 ஏப்ரல் 19: மட்டக்களப்பில் அன்னை பூபதி மரணம்
1988 நவம்பர்: வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல்
1989 ஆகஸ்ட் 2 - 4: வல்வெட்டித்துறைப் படுகொலை
1990 மார்ச் 24: திருகோணமலையிலிருந்து கடைசி அணி புறப்பாடு
உயிரிழந்த இந்திய ராணுவத்தினர்: சுமார் 1,200 பேர்
.......................................

முகமூடிக்குள் இரண்டு கண்

யாழ்ப்பாண நகரம் இந்தியப் படையின் கைக்கு வந்தது. புலிகள் வன்னிக் காட்டுக்குப் போனார்கள். ராணுவக் கணக்கில் அது வெற்றி. மக்கள் கணக்கில் தோல்வி அங்கேதான் தொடங்கியது.

ஒரு சுற்றிவளைப்பு எப்படி நடக்கும்? விடியும் முன்பே ஊரைச் சுற்றி ஆமி நிற்கும். ஒலிபெருக்கியிலோ ஆள்விட்டோ அறிவிப்பு வரும். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வெளிக்கோ வர வேண்டும். வெயிலில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து, தலையில் சாக்கைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முன்னால் நடந்து போக வேண்டும். சாக்கில் இரண்டு ஓட்டை, அதற்குள் இரண்டு கண். அந்தத் தலை அசைந்தால் ஆள் ட்ரக்கில் ஏற வேண்டியதுதான். ‘தலையாட்டி’ என்று ஊரே அவரை அழைத்தது. அவர் அடிக்குப் பயந்து தலையாட்டினாரா, பழைய வேலித் தகராறை மனசில் வைத்து ஆட்டினாரா, உண்மையிலேயே ஆளைத் தெரிந்து ஆட்டினாரா? ட்ரக்கில் ஏறியவருக்கும் தெரியாது, ஏற்றியவருக்கும் தெரியாது.

பிறகு முகாம் வாசல். மகனின் அடையாள அட்டையையோ பள்ளிக்கூடப் படத்தையோ கையில் வைத்துக்கொண்டு தாய் நிற்பார். கூடவே ஆங்கிலம் பேசத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ பாதிரியாரோ பிரஜைகள் குழுவின் சார்பில் நிற்பார். உள்ளே இருக்கும் மேஜர் நல்லவராக இருந்தால் விசாரித்துச் சொல்வார், சில சமயம் பையனைக் கூட்டிக்கொண்டும் போகச் சொல்வார். அப்படிப்பட்ட அதிகாரிகள் இருந்தார்கள் என்பதை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தவர்கள் இன்றும் மறுப்பதில்லை. ஆனால் சில மாதங்களில் அந்தப் படைப்பிரிவு மாறிப் போகும். புதியவர்கள் வருவார்கள். பழைய மேஜரின் வாக்குறுதி அவரோடு போய்விடும். காவல் நிலையமும் நீதிமன்றமும் இயல்பாக நடந்த காலமில்லை அது. ஒரு தாய்க்கு நீதி கிடைப்பது, வாசலில் அன்றைக்கு எந்த அதிகாரி என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது.

இந்தியப் படையினர் சாலைகளைச் செப்பனிட்டார்கள், மருத்துவ முகாம் நடத்தினார்கள், பள்ளிக்கூடங்களைத் திறக்க வைத்தார்கள். அவற்றை ஏன் மக்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று ராணுவத் தரப்பில் கசப்போடு கேட்டவர்கள் உண்டு. காணாமல் போன பிள்ளைக்குப் பதில் சொல்லாதவர் போட்டுக்கொடுத்த சாலையில் அந்தத் தாய் எந்த மனசோடு நடப்பார்?

மட்டக்களப்பில் அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி கணபதிப்பிள்ளை, பத்துப் பிள்ளைகளின் தாய், 1988 மார்ச் 19-ஆம் தேதி மாமாங்கேஸ்வரர் கோயிலில் உண்ணாவிரதம் தொடங்கினார். போரை நிறுத்துங்கள், பேசுங்கள் என்ற இரண்டே கோரிக்கை. ஒரு மாதம் உடல் தாங்கியது. இந்த முறையும் யாரும் கேட்கவில்லை.

.......................................
பெட்டிச் செய்தி

பெல்ஃபாஸ்ட்: தேநீர் கொடுத்த கைகள்

1969 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் வீடுகள் எரிக்கப்பட்டபோது பிரிட்டிஷ் ராணுவம் வந்தது. கத்தோலிக்கப் பெண்கள் சிப்பாய்களுக்குத் தேநீரும் சாண்ட்விச்சும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓராண்டு கழிவதற்குள், 1970 ஜூலை 3-ஆம் தேதி, ஆயுதம் தேடுவதாகச் சொல்லி ஃபால்ஸ் சாலைப் பகுதி முழுவதையும் ஊரடங்கில் வைத்து வீடு வீடாகக் கதவை உடைத்தார்கள். பொதுமக்கள் நால்வர் உயிரிழந்தார்கள். ஊரடங்கை முடித்து வைத்தவர்கள் பெண்கள். குழந்தை வண்டிகளில் ரொட்டியும் பாலும் நிரப்பி, ஊர்வலமாக ராணுவத் தடையைத் தாண்டி உள்ளே போனார்கள்.

1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறை. 1972 ஜனவரி 30-இல் டெரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச்சூடு. 13 பேர் அன்றே இறந்தார்கள். முதல் விசாரணை ராணுவத்தைக் காப்பாற்றியது. ராணுவத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆள் சேர்ந்தது. 38 ஆண்டு கழித்து, 2010 ஜூனில், சாவில் விசாரணை அறிக்கை வந்தது. நடந்தது நியாயமற்றது, நியாயப்படுத்தவே முடியாதது என்று பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.
.......................................

புலிகள் விரித்த வலை

புலிகளின் பங்கைப் பேசாமல் இந்தக் கதையை எழுதினால் அது பாதிக் கதை. கண்ணிவெடி வைத்துவிட்டு அல்லது நாலு ரவுண்டு சுட்டுவிட்டு ஒழுங்கைக்குள் மறைந்துவிட்டால் அடுத்த அரை மணியில் அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆமி வரும், கையில் கிடைத்தவரை அடிக்கும், வீட்டுக்குத் தீ வைக்கும். அடிபட்டவர்களின் பிள்ளைகள் இயக்கத்தைத் தேடி வருவார்கள். ‘முறிந்த பனை’ நூலாசிரியர்கள் இந்தியப் படையின் கொடுமைகளை எழுதிய அதே பேனாவால் இதையும் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்பது அவரோடு பணியாற்றியவர்களின் குற்றச்சாட்டு.

சரி, மக்களுக்கு இது தெரியாதா? தெரியும். பிறகு ஏன் கோபம் முழுவதும் வந்த படையின் மேலேயே விழுந்தது?

ஆப்கானிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஜேசன் லயால், கிரேம் பிளேர், கொசுகே இமாய் என்ற மூன்று ஆய்வாளர்கள் பஷ்தூன் பகுதிகளில் 204 கிராமங்களில் 2,754 பேரிடம் கருத்துக் கேட்டு, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நேட்டோ படையால் பாதிக்கப்பட்டவர்களிடம் அந்தப் படைக்கான ஆதரவு குறைந்தது, தாலிபானுக்கான ஆதரவு கூடியது. தாலிபானால் பாதிக்கப்பட்டவர்களோ, அதற்காக நேட்டோ பக்கம் சாயவில்லை. நம்மவன் அடித்ததும் வந்தவன் அடித்ததும் மனசில் ஒரே இடத்தில் பதிவதில்லை.

இது அறியாமையோ வெறும் இனப்பற்றோ அல்ல என்று நினைக்கிறேன். ஊர்ப் பையன் தப்பு செய்தால் அவனுடைய தாயிடம் போய்ச் சண்டை போடலாம், கோயில் ஐயரை விட்டுச் சொல்லச் சொல்லலாம். பலன் கிடைக்கிறதோ இல்லையோ, போவதற்கு ஒரு படி இருக்கிறது. பஞ்சாபிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ வந்த சிப்பாயின் தப்பை எந்தப் படியில் ஏறிச் சொல்வது?

இராக்கில் அமெரிக்கா இந்த நிலையைச் சட்டமாகவே எழுதி வைத்தது. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் 17-ஆவது ஆணைப்படி, வெளிநாட்டுப் படையினரை இராக்கிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. ஃபலூஜா நகரில் 2003 ஏப்ரல் 28 அன்று மக்கள் கூடிக் கேட்டது பெரிய அரசியல் எதுவுமில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் சிப்பாய்கள் வெளியேற வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். சிப்பாய்கள் சுட்டதில் 17 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அடுத்த ஆண்டு அந்த ஊரைப் பிடிக்க அமெரிக்கா இரண்டு பெரும் போர்களை நடத்த வேண்டியிருந்தது.

.......................................
பெட்டிச் செய்தி

தெற்கு லெபனான்: அரிசி தூவிய கிராமங்கள்

1982 ஜூனில் இஸ்ரேலியப் படை நுழைந்தபோது, பாலஸ்தீன ஆயுதக் குழுக்களின் அடாவடியில் நொந்திருந்த ஷியா கிராமத்தவர்கள் அரிசியும் பூவும் தூவி வரவேற்றார்கள். படை திரும்பிப் போகவில்லை. 1983 அக்டோபர் 16-ஆம் தேதி நபதியே ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த ஆஷூரா ஊர்வலத்தின் நடுவே இஸ்ரேலிய ராணுவ வாகனங்கள் புகுந்தன. கூட்டம் கொதித்தது, சிப்பாய்கள் சுட்டார்கள். வருத்தம் தெரிவித்தும் பயனில்லை. ஹிஸ்புல்லா வளர்ந்தது அந்த மண்ணில்தான். படை நுழைந்து 18 ஆண்டுக்குப் பிறகு, 2000 மே மாதம், படையைத் திருப்பி அழைத்த பிரதமர் எஹுத் பராக், தாங்கள் அங்கே இருந்ததுதான் ஹிஸ்புல்லாவை உருவாக்கியது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.
.......................................

பிள்ளை பிடித்தவர்கள்

மக்கள் விலகிப் போனால் அந்நியப் படை உள்ளூரில் தனக்கென்று ஆள் தேடும். எல்லா நாட்டிலும் இதுதான் நடக்கிறது. இந்தியா, புலிகளை எதிர்த்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். உள்ளிட்ட தமிழ் இயக்கங்களைத் தேர்ந்தெடுத்தது. 1988 நவம்பரில் நடந்த மாகாண சபைத் தேர்தலில் வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் வந்தார்கள். வரதராஜப் பெருமாள் திருகோணமலையில் முதலமைச்சரானார். தமிழர்களுக்கு ஒரு மாகாண ஆட்சி என்ற நல்ல யோசனை, ஆமி காம்ப்பின் நிழலில் நின்றதாலேயே மதிப்பிழந்தது.

1989-இல், இந்தியப் படை போகப் போகிறது என்று தெரிந்ததும், தங்களைக் காத்துக்கொள்ள இந்த இயக்கங்கள் ‘தமிழ் தேசிய இராணுவம்’ திரட்டின. ஆள் எங்கிருந்து வரும்? ட்யூஷன் முடித்து சைக்கிளில் வந்த பையன்களையும், பஸ்ஸுக்கு நின்ற மாணவர்களையும் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். வீடுகளில் பையன்களைக் கூரைக்கு மேலும் நெல் மூட்டைக்குப் பின்னாலும் ஒளித்து வைத்தார்கள். சில வாரப் பயிற்சியோடு கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பலர், இந்தியப் படை அம்பாறையிலிருந்து பின்வாங்கியதும் புலிகளின் தாக்குதலில் செத்தார்கள். இந்தக் கட்டுரையில் எழுதுவதற்கு மிகக் கடினமான பகுதி இதுதான். அவர்கள் எந்தப் பக்கமும் சேர விரும்பாத பையன்கள்.

நடுவில் நின்றவர்களுக்கும் இடமில்லாமல் போனது. 1989 ஜூலை 13-ஆம் தேதி தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தைப் புலிகள் கொழும்பில் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்த மாதம் வல்வெட்டித்துறை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சந்தைப் பக்கம் ரோந்து வந்த இந்தியப் படை மீது புலிகள் தாக்கியதில் ஆறு சிப்பாய்கள் இறந்தார்கள். அன்று தொடங்கி மூன்று நாள் ஊர் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தீக்கிரை. பொதுமக்கள் 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்த முறை ஊர் சும்மா இருக்கவில்லை. வல்வெட்டித்துறைப் பிரஜைகள் குழு ஒவ்வொரு வீடாகப் போய், இறந்தவர் யார், எந்த இடத்தில், பார்த்த சாட்சி யார் என்று உறுதிமொழிப் பத்திரங்களாக எழுதி வாங்கியது. பத்திரிகையாளர்கள் நேரில் போய் எழுதினார்கள். வியட்நாமின் மை லாய் படுகொலைக்கு ஒப்பிட்டார், இந்திய அரசியல் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். முறையிட இடமில்லாத ஊர், முறையீட்டைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தது. இன்றும் காத்திருக்கிறது.

யார் யார் விலை கொடுத்தார்கள்?

தெற்கே சிங்களப் பகுதியில் இந்தியப் படையின் இருப்பே ஜே.வி.பி. என்ற கிளர்ச்சி இயக்கத்தின் முழக்கமானது. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே அணிவகுப்பில் நின்ற சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜே.வி.பி. கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கிய அரச வன்முறையிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் செத்தார்கள். அந்தக் கோபத்தைத் தணிக்க ஜனாதிபதி பிரேமதாசா இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். வெளியேற்றுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். தமிழர்களைக் காக்க வந்த படையை விரட்ட, கொழும்பும் புலிகளும் கைகோத்தன!

இந்திய ஜவான்களின் நிலை இன்னும் கொடுமை. காட்டிலும் ஒழுங்கையிலும் சுமார் 1,200 பேர் செத்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இறந்த பிறகு பரம்வீர் சக்ரா கிடைத்தது. 1990-இல் திரும்பிய படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்குப் போக முதலமைச்சர் கருணாநிதி மறுத்தார். தமிழ் மக்களைக் கொன்ற படை என்ற கோபம் தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு இருந்தது. எதற்காக அனுப்பினார்கள், எதற்காகத் திருப்பினார்கள் என்று அந்த ஜவான்களுக்கு டெல்லியில் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவர்களுக்கும் முறையிட இடமில்லை.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் புலிகள் ராஜீவ் காந்தியைக் கொன்றார்கள். அந்தக் கொலையை எதுவும் நியாயப்படுத்தாது. உடன் இறந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அதோடு ஈழத்தமிழர்களுக்கு இந்தியாவில் இருந்த கடைசி அனுதாபமும் போயிற்று. 2009-இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியின் கதவு திறக்காததற்கு அந்த இரவும் ஒரு காரணம். 1987-இல் இந்தியா வாங்கித் தந்த மாகாண சபை இன்று 13-ஆவது திருத்தமாகக் காகிதத்தில் இருக்கிறது. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது.

ஜெர்மனி, ஜப்பான்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானையும் மேற்கு ஜெர்மனியையும் அமெரிக்கா ஆக்கிரமித்து வெற்றி பெறவில்லையா என்று கேட்பார்கள். அங்கே போர் முழுமையாக முடிந்திருந்தது. எதிர்த்துச் சுடுபவர்கள் இல்லாததால் வீட்டுக் கதவை உடைக்கும் தேவையும் இல்லை. உள்ளூர் நிர்வாகம் இயங்கியது. சோவியத் யூனியன் பற்றிய பயம் இரு தரப்பையும் சேர்த்து வைத்தது. அந்த ஜப்பானிலேயே, 1995-இல் ஒகினாவாவில் 12 வயதுச் சிறுமியை அமெரிக்க ராணுவத்தினர் மூவர் கடத்தி வன்கொடுமை செய்தபோது, சந்தேக நபர்களை உடனே உள்ளூர் போலீசிடம் ஒப்படைக்கவில்லை. பல்லாயிரம் பேர் ஒரே மைதானத்தில் திரண்டார்கள். ஐம்பது ஆண்டு உறவு ஆட்டம் கண்டது. பிறகு விதிகளைத் தளர்த்தினார்கள், மூவரும் ஜப்பானிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அமெரிக்கத் தளங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

மூடிய கோப்புகள்

2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பு போனபோது, கோட்டேயில் உள்ள இந்தியப் படை நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். அவரை வரவேற்ற இலங்கை ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க, அன்று இந்தியப் படையின் இருப்பை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த அதே ஜே.வி.பி.யின் தலைவர். உயிர்நீத்த ஜவான்களுக்கு மரியாதை செய்தது சரி. ஆனால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கும் வல்வெட்டித்துறைக்கும் டெல்லியிலிருந்து ஒரு வருத்தச் சொல்கூட இதுவரை போகவில்லை. வெளிப்படையான விசாரணை ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை.

பழைய கதை, கிளறி என்ன லாபம் என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் நினைக்கலாம். பெல்ஃபாஸ்டிலும் டெரியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கே கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் விடவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இந்தியாவில் வாக்கு இல்லை, வழக்குப் போட நீதிமன்றம் இல்லை, கேள்வி கேட்க எம்.பி. இல்லை. அவர்களுக்காகக் கேட்க வேண்டிய கடமை தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு உண்டு. 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. போர்கள், ராணுவ நடவடிக்கைகள் பற்றிய ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை அறிவித்தது. 1987 அக்டோபர் 21-ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குள் போன அணி எது, யார் உத்தரவில் போனது, அன்றிரவு அவர்கள் மேலிடத்துக்கு அனுப்பிய தகவல் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருந்தால், அந்தக் காகிதங்களுக்கு 25 ஆண்டுக் கெடு 2012-லேயே முடிந்துவிட்டது.